ஃப்ளாவுக்கு ஒரு வாசல்

என் அக்கா மகன் ஓங்டெனைப் பற்றி யாராவது நல்ல விதமாகப் பேசினால், அவர்கள் இன்னும் அவன் கடையில் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் புரிந்துகொள்வேன்.

மங்கன் பஜாரில் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குக் கீழே, படி இறங்கியதும் இடது கைப்பக்கம் அவன் கடை. நகல் எடுப்பான், ஃபோனுக்கு ரீசார்ஜ் செய்வான், பாஸ்போர்ட் அளவு ஃபோட்டோ எடுப்பான், எங்கள் லெப்சா மக்களின் எழுத்தில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அடித்துக் கொடுப்பான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில்தான். அவனுக்குப் பொய் வராது. சிலருக்குக் காளான் சாப்பிட்டால் உடம்பு தடித்துப்போகுமே, அதுபோல இவனுக்குப் பொய் சொல்ல முயன்றால் காது இரண்டும் சிவந்து, நாக்கு குழறி, கடைசியில் உண்மை தானாக வெளியே வந்து விழுந்துவிடும். ஒருமுறை தபால் ஆபீஸ் அம்மாள் ஒருத்தி தன் ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, முகம் ஏன் இப்படி உப்பிக் கிடக்கிறது என்று கேட்டாள். ஓங்டென் ஃபோட்டோவைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தான். "ஃபோட்டோல ஒண்ணும் தப்பில்லக்கா" என்றான். அந்த அம்மாள் இப்போது ஃபோட்டோ எடுக்க காங்டோக் வரை போகிறாள்.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. எங்களில் பெண் கேட்கப் போவது தாய்மாமன் பாடு. கேழ்வரகைப் புளிக்க வைத்துச் செய்யும் சி என்ற மதுவை மூங்கில் குடுவையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, குழலைச் செருகிப் பெண்ணின் அப்பா முன்னால் வைக்க வேண்டும். அவர் குழலில் வாய் வைத்துவிட்டால் சம்மதம். வைக்காவிட்டால் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே இறங்க வேண்டியதுதான். சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் நான் எத்தனையோ சம்பந்தம் பேசி முடித்திருக்கிறேன். என் மனைவி போடும் சி என்றால் அப்படி ஒரு பெயர் உண்டு. அந்த வாசனையைத் தாண்டி மறுப்புச் சொல்ல ஒரு மனுஷனுக்கு நிஜமாகவே கல்நெஞ்சு வேண்டும்.

ஓங்டென் அந்தப் பெயரையும் கெடுத்தான். முதலில் போன வீட்டில் பெண்ணின் அம்மா, தம்பி குடிக்குமா என்று கேட்டாள். "யாராவது வாங்கிக் குடுத்தா குடிப்பேன்" என்றான். அடுத்த வீட்டில் பெண்ணை எதிரே உட்கார வைத்துவிட்டுப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். "இங்க வெளிச்சம் பத்தல" என்றான். திரும்பி வரும்போது அந்தக் குடுவையை நானே குடித்தேன். வேறு எப்படி அந்த மலையை இறங்குவது?

அதன் பிறகு அவனுக்குக் கல்யாணம் என்ற பேச்சையே நான் விட்டிருந்தேன். அப்போதுதான் நிம்கித் வந்தாள்.

நிம்கித் ஜீப் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கிறவள். அவள் "காங்டோக், காங்டோக்" என்று குரல் கொடுத்தால் தீஸ்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் பையை எடுத்துக்கொள்வார்கள். ஏதோ பர்மிட்டை நகல் எடுக்கப் போனவள், பேச்சுவாக்கில் தன் குரல் ரொம்பக் கரகரப்பாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். கேட்ட இடம் அப்படி. ஓங்டென், "கரகரன்னுதான் இருக்கு. ஆனா மழையிலயும் கேக்குது" என்றிருக்கிறான். அவள் சிரித்த சிரிப்பை நானே மேலே டீக்கடையில் இருந்து கேட்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் தேவையில்லாத காகிதங்களையெல்லாம் அவள் நகல் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, உங்க மருமகன் தானா கேக்க மாட்டான். அதனால நானே கேட்டுட்டேன், சரின்னுட்டான். இனி எங்கப்பாகிட்ட நீங்க கேக்கணும்."

மகிழ்ச்சியில் எழுந்தே நின்றுவிட்டேன். அப்பா யார் என்று கேட்டேன். ஜோங்கு பக்கம், மேல் ஊர் தொப்கே என்றாள். ஃப்ளாங்மூ வம்சம் என்றாள். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

காரணம், முந்தின வருஷம் நடந்த பேனர் விவகாரம். எங்களில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு மலை உண்டு, ஓர் ஏரி உண்டு, ஒரு வாசல் உண்டு. செத்துப்போனவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் தங்கள் முன்னோரிடம் போய்ச் சேர்வார்கள். மூன்றுக்கும் சேர்த்து வம்சத்தார் கூடிப் பூசை போடுவார்கள். ஃப்ளாங்மூ வம்சத்துப் பூசைக்குப் பேனர் அடிக்கும் வேலை ஓங்டெனிடம் வந்தது. அவன் கம்ப்யூட்டரில் எல்லாம் அம்சமாக இருந்தது. ஃப்ளெக்ஸ் அச்சடிக்க சிலிகுரிக்கு அனுப்பினான்.

அதுவரை எங்கள் எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டரில் சொந்த இடம் கிடையாது. இங்கிலீஷ் எழுத்துகளும் குறிகளும் உட்கார வேண்டிய நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன. ஃப்ளாங்மூவின் முதல் எழுத்தான ஃப்ளாவுக்கு வாய்த்தது சதவீதக் குறியின் நாற்காலி. சிலிகுரிக் கடையில் இருந்ததோ அதே எழுத்துருவின் பழைய பிரதி. அதில் மற்ற எல்லா எழுத்தும் இருந்தன, ஃப்ளா மட்டும் இல்லை. ஆகவே நாற்காலியின் சொந்தக்காரன் வந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டான். பூசையன்று காலையில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே பேனரை விரித்துக் கட்டினார்கள். கலிம்போங்கில் இருந்தெல்லாம் வந்திருந்த வம்சத்தார் நிமிர்ந்து பார்த்தார்கள். தங்கள் பெயரின் தலையில், ஆள் உயரத்துக்கு, சிவப்பு நிறத்தில் ஒரு சதவீதக் குறி.

பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். அன்றைக்கே தொப்கேக்கு "பர்சென்ட்" என்று பெயர் விழுந்துவிட்டது. வம்சத்தில் மூத்தவர், ஏலக்காய்த் தோட்டக்காரர், ஜோங்குவிலேயே பெரிய பன்றியை வளர்ப்பவர், பார்த்தவர்கள் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்யும் ஆள். அவர் வீட்டுக்கு வழி கேட்டால் ஜீப்காரன், "பர்சென்ட் வீட்டுக்கா?" என்று கேட்கிறான். எந்த மனுஷனால் தாங்க முடியும்?

அந்த வீட்டுக்குத்தான் நான் குடுவையோடு ஏறினேன். குடுவையைச் சுமக்க ஓங்டெனையே கூட்டிப்போனது என் புத்தி கெட்ட வேலை.

தொப்கே மரியாதையாக உட்காரச் சொன்னார். டீ வந்தது. மழையைப் பற்றியும் ஏலக்காயில் விழுந்த நோயைப் பற்றியும் பேசினோம். பிறகு குடுவையை அவர் முன்னால் வைத்து, வெந்நீர் ஊற்றி, குழலைச் செருகினேன். வாசனை எழுந்தது. அந்த மனுஷன் மூக்கு தன்னால் விரிந்ததை நான் பார்த்தேன். உடனே தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"தூதுக்காரரே, எங்க வம்சம் என்ன தள்ளுபடில வந்ததா?"

நான் பதில் யோசிப்பதற்குள் ஓங்டென் எழுந்து நின்றான். தப்பு தன்னுடையதுதான், சிலிகுரிக்கு நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும், போகாதது சோம்பேறித்தனம் என்றான். மழை, மண்சரிவு, பாதை அடைப்பு என்று நான் மனதில் அடுக்கி வைத்திருந்த சமாதானம் எல்லாம் பாழ்.

தொப்கே அவன் பக்கம் திரும்பினார். பிறகு நிபந்தனையைச் சொன்னார்.

"எங்க ஃப்ளா என் ஃபோன்ல நிக்கணும். படமா இல்ல, எழுத்தா. எவன் நாற்காலியிலயும் ஒண்டிக்கிட்டு இல்ல, சொந்தமா நிக்கணும். அது வரைக்கும் இதுல வாய் வைக்க மாட்டேன். நம்சூங் வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் கலிம்போங்லேர்ந்து ஒரு இடம் காத்துக்கிட்டு இருக்கு."

நம்சூங் எங்கள் புது வருஷம். அப்போது சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மார்கழிக்கு இன்னும் காலம் கிடந்தது. ஓங்டெனின் முகம் மலர்ந்துவிட்டது. அது சுலபம் மாமா என்று ஆரம்பித்தான். இப்போது உலகத்தில் இருக்கும் எல்லா எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டார்கள், எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைச் சொன்னாலும் அந்த எழுத்துதான் எழுந்து வர வேண்டும், எங்கள் எழுத்துகளுக்கும் கொடுத்தாயிற்று, ஃப்ளாவுக்கும் தனி எண் உண்டு என்றான்.

"என்ன நம்பரு?"

"ஒண்ணு, சி, ஒண்ணு, ரெண்டு."

தொப்கேயின் கண் முதல்முறையாகக் குடுவைப் பக்கம் திரும்பியது. "நடுவுல சியா?" என்றார்.

அது இங்கிலீஷ் சி என்று ஓங்டென் விளக்கினான். பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. நம்பருக்கு நடுவில் சி வைத்தவன் எவனோ நல்லவனாகத்தான் இருப்பான் என்றார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, எங்கள் ஊரில் புதிதாக வரும் யாரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். அந்த நம்பருக்கு மலை எது? ஏரி எது? வாசல் எது?

அதெல்லாம் கிடையாது, எண் மட்டும்தான் என்றான் ஓங்டென். ஏதாவது ஒரு மலையைச் சொல்லித் தொலைத்தால் என்ன? எங்கள் பக்கம் மலைக்கா பஞ்சம்?

"அப்போ அநாதை நம்பரு" என்றார் தொப்கே. நாங்கள் குடுவையோடு இறங்கினோம்.

ஓங்டென் அன்றிலிருந்து கடையில் வேறு வேலை பார்க்கவில்லை. புது எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான், ஃப்ளா வந்தது. நிம்கித்தின் புது ஃபோனில் ஏற்றினான், அதிலும் வந்தது. எந்த நாற்காலியிலும் ஒண்டிக்கொள்ளாமல் தன் எண்ணில் தானே நின்றது. நிம்கித் அதை ஜீப் ஸ்டாண்டு முழுக்கக் காட்டினாள். ஏலக்காய் பறிப்பு தொடங்கும் முன்னே முடித்துவிடலாம் என்று நான் மறுபடி குடுவையை நிரப்பினேன்.

இந்தமுறை தொப்கே ஃபோனைத் துடைத்து, மேஜையில் குடுவைக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார். நிம்கித் அடுப்படியில் வெந்நீர்க் கெட்டிலோடு நின்றாள். ஓங்டென் தன் ஃபோனில் ஃப்ளாவை அடித்து அனுப்பினான். தொப்கேயின் ஃபோன் பன்றி உறுமுவதுபோல உறுமியது. தன் பன்றியின் குரலையே பதிவு செய்து மணியாக வைத்திருந்தார் மனுஷன். நாங்கள் எல்லோரும் குனிந்தோம்.

திரையில் ஒரு வெற்றுக் கட்டம். நாலு பக்கமும் கோடு, உள்ளே ஒன்றும் இல்லை.

முடிந்தது என்று நினைத்தேன். ஓங்டெனின் முகம் செத்துப்போனது. ஆனால் தொப்கே மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். ஃபோனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"வாசல்" என்றார். "எங்க வாசல் வந்துடுச்சு."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கீழே வாசற்படி, மேலே உத்தரம், இரண்டு பக்கமும் தூண், நடுவே திறந்த வெளி. பார்க்கப் பார்க்க எனக்கே அது வாசலாகத்தான் தெரிந்தது. நம்பருக்கு வாசல் இல்லையென்று சொன்னாயே, எழுத்துக்கு முன்னால் வாசல் வந்து நிற்கிறது பார், முறைப்படி அதுதானே முதலில் வரணும் என்று பெரியவர் குழந்தை மாதிரி பேசிக்கொண்டே போனார். குடுவையில் விரல் நுனியை நனைத்தார். குடிக்கும் முன் தெய்வத்துக்குத் தெளிப்பது எங்கள் வழக்கம். அவர் தெளித்தது ஃபோன் திரைமேல். ஒருமுறை தெளித்தவர், மனசு நிறையாமல் இன்னும் கொஞ்சம் தெளித்தார். பிறகு கையை நீட்டிக் குழலைப் பிடித்தார்.

அடுப்படியில் நிம்கித் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நான் திரும்பி ஓங்டெனைப் பார்த்தேன். இரண்டு காதும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தன. சட்டென்று மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

"அது வாசல் இல்ல மாமா" என்றான் ஓங்டென், தொப்கேயிடம்.

நான் இன்னும் அழுத்தி மிதித்தேன்.

"எழுத்தோட வடிவம் ஃபோன்ல இல்லன்னா இப்படி வெறும் கட்டம் காட்டும். நம்ம எழுத்துக்குன்னு இல்ல, எந்த ஊர் எழுத்து இல்லாட்டியும் இதே கட்டம்தான். உங்க ஃபோன் பழசு. அதுல ஃப்ளா இல்ல."

என் முழு எடையையும் அந்தக் காலில் இறக்கினேன்.

"மாமா, கால் வலிக்குது" என்றான், என்னிடம், எல்லோருக்கும் கேட்க.

தொப்கேயின் கை குழலை விட்டது. ஈரம் பட்ட திரையைப் பார்த்தார். "அப்போ நான் யாரு வாசல்ல தெளிச்சேன்?" என்று கேட்டார்.

நல்லவர்கள் வாசலாகத்தான் இருக்கும் அண்ணே என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஓங்டென் முந்திக்கொண்டான். "யாரோடதுன்னு சொல்ல முடியாது" என்றான்.

அவர் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. எழுந்து பன்றிக் கொட்டிலுக்குப் போய்விட்டார், திரும்பி வரவேயில்லை. முன்பின் தெரியாதவன் வாசலில் தெளித்த தோஷத்துக்கு மறுநாள் பூசாரி வந்து ஒரு கோழியை வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

தொங்கு பாலம் வரும் வரை நான் ஓங்டெனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாலத்தில் ஏறியதும் பேச ஆரம்பித்தேன். அவன் அம்மாவில் தொடங்கி, அவன் பிறந்த நேரம், அவன் காது, அவன் கடை, அந்தக் கடைக்குக் கரண்ட் கொடுத்தவன் வரை ஒருவரையும் விடவில்லை. அவன் நொண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தான். கடைசியில், "குழலைத் தொட்டுட்டாரு இல்ல மாமா?" என்றான். ஆமாம், தொட்டுவிட்டார் என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குத் திட்ட மனசு வரவில்லை. ஆனாலும் மீதியைத் திட்டி முடித்தேன்.

நிம்கித் அவனோடு பேச்சை நிறுத்தினாள். கடைக்கு மேலே நின்றுகொண்டு முன்னைவிடச் சத்தமாக "காங்டோக், காங்டோக்" என்றாள். ஏலக்காய் பறித்து முடிந்தது. உலர்த்தி மூட்டை கட்டியும் ஆயிற்று. ஒருநாள் படி இறங்கி வந்து, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்த ஒரு ஃபோனை அவன் மேஜையில் கொட்டினாள். அவள் அப்பாவுடையது. அன்றைக்குத் தெளித்த சி உள்ளே இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நோய்ப்பட்டு, இப்போது செத்துவிட்டது. நானும் கடையில்தான் இருந்தேன். என்னை அவள் சட்டை செய்யவில்லை.

"எங்கப்பா பன்னியோட ஃபோட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. குட்டியா இருந்ததுலேர்ந்து. அது போச்சுன்னா நம்சூங் வரைக்கும்கூட நீ காத்திருக்க வேண்டாம்."

சரி என்றான்.

"அன்னைக்கு நீ வாயை மூடியிருந்தா நமக்கு இந்நேரம் கல்யாணம் ஆயிருக்கும். ஆனா அதுக்கப்புறம் நீ சொல்ற எதையும் நான் நம்பியிருக்க மாட்டேன். ரெண்டுல எது நல்லதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

அவள் படியேறிப் போன பிறகும் அவன் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அரிசியைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

ஃபோனைப் பிரித்தான், கழுவினான், காயவைத்தான். உயிர் வந்தது. பன்றிகள் பத்திரமாக இருந்தன. பன்றி நின்றபடி, பன்றி படுத்தபடி, பன்றியோடு தொப்கே, தொப்கேயின் விரல் பாதியும் பன்றி பாதியுமாக. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, ஃபோனின் உள்ளே இருந்ததை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். தொப்கே மாதிரியே அவர் ஃபோனும் எதையும் சுலபத்தில் ஏற்றுக்கொள்ளாது. ஏற்றினால் பாதியில் நின்றது. நின்றதை எழுப்பினால் சூடானது. ஒருவழியாக எழுத்துரு உள்ளே போனபோது இன்னொரு வம்பு வந்தது. சின்னத் திரையில் ஃப்ளாவின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில் அது வேறோர் எழுத்துபோலத் தெரிந்தது. இவனே திருத்தி வரைய உட்கார்ந்தான்.

அது ஊர் வேலையாகிவிட்டது. வரைந்ததைப் பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டினான், போகிறவர் வருகிறவர் எல்லாம் கருத்துச் சொன்னார்கள். மோமோக்காரி அது வழுக்கி விழுந்தவன் மாதிரி இருக்கிறது என்றாள். ஜீப் டிரைவர் ஒருவன் வளைவில் இவ்வளவு ஒடிக்கக் கூடாது என்றான். அவன் சொன்னது ரோட்டைப் பற்றியா எழுத்தைப் பற்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லெப்சா எழுத்தே தெரியாத மார்வாரி மளிகைக் கடைக்காரர்கூட வந்து, கொஞ்சம் வலது பக்கம் சாய்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஓங்டென் எல்லாருக்கும் அவரவர் சொன்னதில் என்ன தப்பு என்று உள்ளபடி விளக்கினான். அந்த மாசம் அவன் கடையில் வியாபாரமே இல்லை.

நம்சூங்குக்கு முந்தின நாள் முடித்தான். கலிம்போங் ஆட்கள் பண்டிகை கழிந்த மறுநாள் குடுவையோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் மனைவி விஷயம் தெரிந்து, இருந்ததிலேயே முற்றிய சியை எடுத்துக் கொடுத்தாள். இதற்கும் மேல் நல்லது என்னிடம் இல்லை என்றாள். மேட்டில் ஏறும்போது நான் ஓங்டெனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: கேட்டால் மட்டும் பேசு.

தொப்கே எங்களை உள்ளே விட்டார். ஃபோனை வாங்கி முதலில் பன்றிகளை எண்ணிப் பார்த்தார். குட்டியிலிருந்து வரிசையாகப் பார்த்து முடிக்கிற வரை நாங்கள் நின்றோம். பிறகு உட்கார்ந்தார். நான் குடுவையை வைத்தேன். கைகள் தொடைக்கு அடியில் போயின. ஓங்டென் அனுப்பினான். பன்றி உறுமியது.

திரையில் ஃப்ளா நின்றது.

அவர் ஃபோனைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்தில் திருப்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை. என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். பேனரில் தப்பு என்று சாதித்த மனுஷன், இந்த எழுத்தைத் தெரியாதவரா?

"நிம்கித், கதவைச் சாத்து" என்றார்.

அவள் சாத்தினாள். அவர் ஓங்டெனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார். அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தினால் என்ன, நான் ஒரு கை தூரத்தில்தான் இருந்தேன்.

"தம்பி, எனக்கு எழுத்து தெரியாது. ஒரு எழுத்தும் தெரியாது. அன்னைக்குப் பேனர்ல தப்புன்னு எனக்குப் பிள்ளைங்க சிரிச்சப்பறம்தான் தெரியும். அந்தக் குறிகூட செருப்புக் கடையில பார்த்திருக்கேன், அதனால தெரிஞ்சது. இப்போ நீ இதுல எதைக் காட்டினாலும் எனக்கு ஒண்ணுதான்."

நிம்கித் கெட்டிலைக் கீழே வைத்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஊரே தொப்பி தொடும் மனுஷன் இத்தனை வருஷம் கண்ணாடியை மறந்துவிட்டேன், வெளிச்சம் போதவில்லை என்று சமாளித்ததெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"கட்டத்தை நான் வாசல்னு சொன்னேன். என் பொண்ணு உன் கைக்கு வந்துடுச்சு. நீ ஆமான்னு தலையாட்டியிருந்தா போதும். இல்லன்னுட்டே." திரையை அவன் பக்கம் திருப்பினார். "அதான் உன்கிட்டயே கேக்குறேன். இது எங்க ஃப்ளாதானா?"

ஓங்டென் திரையைப் பார்த்தான். "ஃப்ளாதான் மாமா" என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மனசார வேண்டிக்கொண்டேன். எங்கள் தெய்வமான கொங்சென் மலையையே கூப்பிட்டேன். ஆனால் அவன் காதுகள் சிவக்க ஆரம்பித்திருந்தன.

"ஆனா கீழ் வளைவு கொஞ்சம் தடிச்சுப் போச்சு" என்றான். "எவ்வளவு பண்ணியும் இளைக்க வைக்க முடியல. பார்க்கத் தப்பில்ல, ஆனா குண்டுதான்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தொப்கே எழுத்தைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். அடுப்படியில் நின்ற மகளைப் பார்த்தார். தொடைக்கு அடியில் இருந்து இரண்டு கைகளையும் உருவினார்.

"எங்க வம்சத்துல ஒல்லியா யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டுக் குழலில் வாயை வைத்தார்.